1989 பேட்மொபைலைக் களிமண்ணில் கையால் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிம் பர்ட்டன் இயக்கி 1989இல் வெளிவந்த ‘பேட்மேன்’ படத்தின் நீளமான கறுப்புக் காரை கிளேயில் செதுக்கி, மோல்டு எடுத்து, ஃபைபர்கிளாஸில் வார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு சினிமா கார் செய்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

எத்தனையோ சினிமா கார் இருக்க, ஏன் இது?

சினிமா கார்களில் பல, கடையில் விற்ற கார்கள்தான். ‘பேக் டு த ஃப்யூச்சர்’ என்ற காலப்பயணப் படத்தில் வரும் டெலோரியன் அப்படி. ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் பேய்களைப் பிடிக்கும் குழுவின் வண்டி 1959 கேடிலாக் ஆம்புலன்ஸ். அவற்றுக்கு நகல் வேண்டுமென்றால் அதே காரைத் தேடி வாங்கி, மேலே சாமான்களை மாட்டினால் போதும். செதுக்க அங்கே ஒன்றும் இல்லை. 1966 தொலைக்காட்சித் தொடரின் பேட்மொபைல்கூட, இத்தாலியின் டூரின் நகரில் கியா பட்டறை லிங்கனுக்காகச் செய்து, 1955இல் காட்சிக்கு வந்த ஃப்யூச்சுரா காரை ஜார்ஜ் பாரிஸ் மாற்றி அமைத்ததுதான்.

1989 கார் வேறு வகை. அடியில் செவர்லே இம்பாலா சேஸி இருக்கிறது. மேலே கண்ணுக்குத் தெரியும் உடல் எந்தத் தொழிற்சாலையிலும் வந்ததில்லை. இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில், வடிவமைப்பாளர் ஆன்டன் ஃபர்ஸ்டின் குழு கையால் உருவாக்கியது. 1930களில் உப்புப் பாலைவனத்தில் வேகச் சாதனைக்கு ஓடிய கார்களும் 1950களின் ஸ்டிங்ரே கார்களும் மனதில் இருந்ததாக ஃபர்ஸ்ட் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்காக ஆஸ்கரும் வாங்கினார். தட்டையான தகடு என்று சொல்ல அந்த உடலில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. எங்கே கை வைத்தாலும் வளைவு. கிளேக்கு இதைவிடப் பொருத்தமான காரை நான் பார்க்கவில்லை.

3டி பிரிண்டர் இருக்கும்போது கையால் எதற்கு?

அலமாரியில் வைக்க ஒரு பொம்மை போதும் என்றால் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் கோப்புகள் பல, யாரோ ஒருவர் புகைப்படத்தைப் பார்த்து உத்தேசமாக வரைந்தவை. அவர் கண்ணில் விழாத பிழை உங்கள் பிரிண்டிலும் இருக்கும். திரையில் ஒரு வளைவு சரியாகத் தெரியும். அதையே மேசையில் வைத்துச் சுற்றி வந்து பார்த்தால் வயிறு தள்ளியிருக்கும்.

கணினி இல்லாததால் மட்டுமே கார் கம்பெனிகள் கிளே பிடிக்கவில்லை. ஹார்லி ஏர்ல் 1927இல் ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கி கிளேயைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மேசையிலும் கணினி வந்தபின்னும் பெரிய கம்பெனிகள் முழு அளவு கிளே மாடல் செய்து, வெயிலில் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திப் பார்த்துத்தான் முடிவு சொல்கின்றன.

இரண்டையும் கலப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாடலின் உள்ளே வைக்கும் ஃபோமை, கணினி சொல்படி வெட்டும் சிஎன்சி மெஷினில் வெட்டி, மேலே கிளே பூசிக் கையால் முடிப்பதுதான் இன்று பல ஸ்டூடியோக்களின் வழக்கம். கடைசி 20 மில்லிமீட்டரை உங்கள் கண் முடிவு செய்தால் சரி.

எந்த அளவில் தொடங்குவது?

முதல் முறை என்றால் 1:5. அசல் கார் சுமார் 6.6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம். ஐந்தில் ஒன்றாக்கினால் நீளம் 132 சென்டிமீட்டர், அகலம் 48, உயரம் 26. ஒரு கதவுப் பலகை மேல் அடங்கிவிடும். சுற்றிவர இடமும் கிடைக்கும்.

கிளே எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1:5இல் மேற்பரப்பு ஏறக்குறைய 1.2 சதுர மீட்டர். 25 மி.மீ. கனத்துக்குப் பூசினால் 30 லிட்டர். லிட்டருக்கு 1.4 கிலோ என்று வைத்தால் 42 கிலோ. முழு அளவில் மேற்பரப்பு 25 மடங்காகும், 40 மி.மீ. கனம் என்றால் 1,200 லிட்டர், அதாவது 1.7 டன். அதற்கு மேல் உள்ளே மரச்சட்டம், இரும்பு. தரை தாங்குமா, கதவு வழியாக வெளியே வருமா என்பதை கிளே வாங்கும் முன் யோசிப்பது நல்லது.

1:10க்குக் கீழே போகாதீர்கள். சுரண்டியின் ஒரு இழுப்பே வடிவத்தை மாற்றிவிடும்.

பிள்ளையார் செய்யும் களிமண் போதாதா?

போதாது. தண்ணீர் கலந்த மண் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். கார் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். ஈரத்துணி போட்டு மூடி வைத்தாலும் மெல்லிய ஓரங்கள் முதலில் காய்ந்து, அளந்து வைத்த புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

தண்ணீர் மண்ணைச் சினிமாக்காரர்கள் பயன்படுத்துவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. வெட் (WED) கிளே என்று ஒரு வகை இருக்கிறது. W, E, D மூன்றும் வால்ட் டிஸ்னியின் முழுப்பெயரின் முதலெழுத்துகள். மெதுவாகக் காயும் மண். அசுர முகம், பாறை, பெரிய உருவம் ஆகியவற்றுக்கு அருமையானது. கண்ணாடி போல வழவழப்பான காருக்கு அது ஆகாது.

அப்படியானால் எந்த கிளே?

மெழுகு, எண்ணெய், பொடி மூன்றும் சேர்ந்த தொழிற்சாலைக் கிளே. சாவன்ட், கோல்ப் போன்ற பெயர்களில் உருளைகளாகவோ கட்டிகளாகவோ வரும். அறை வெப்பத்தில் கெட்டியாக, சோப்புக் கட்டி மாதிரி சீவ வரும். 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் மெத்தென்று கையில் பிசையலாம். காயாது, சுருங்காது.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி: கந்தகம் இருக்கிறதா? பழைய வகைகளில் கந்தகப் பொடி நிறைய இருக்கும். சீவ அருமையாக இருக்கும், ஆனால் சூடாக்கும்போது நாறும். நாற்றம்கூடப் பரவாயில்லை, மோல்டு எடுக்கும் ரப்பரான சிலிக்கானில் பிளாட்டினம் வகையை அதன்மேல் ஊற்றினால் தொடும் இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். சின்ன பாகங்களை சிலிக்கானில் எடுக்கும் எண்ணம் இருந்தால் கந்தகம் இல்லாத கிளே வாங்குங்கள், அல்லது டின் வகை சிலிக்கானுக்கு மாறுங்கள்.

குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் வேண்டாம். கை சூட்டுக்கே இளகும்.

நம்ம ஊர் வெயிலில் இந்த கிளே தாங்குமா?

40 டிகிரி அறையில் மேற்பரப்பு மெத்தென்று ஆகும், சுரண்டி வழுக்கும், விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம். பரப்பைச் சீராக்கும் கட்டத்திலாவது 22 முதல் 25 டிகிரியில் ஏசி ஓடட்டும். இல்லையென்றால் விடியற்காலையில் வேலை செய்யுங்கள். ஜன்னல் வெயில் ஒரு பக்கமாக விழும் இடத்தில் மாடலை வைக்கவே வேண்டாம்.

அசல் காரைத் தொட முடியாது. அளவு எப்படி எடுப்பது?

நகல் வேலையில் பாதி இதுதான். படத்துக்காகச் செய்த கார்கள் அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வந்திருக்கின்றன; லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள பீட்டர்சன் வாகன அருங்காட்சியகம் ஓர் இடம். கயிற்றுக்கு வெளியே நின்று சுற்றிவந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால், போட்டோகிராமெட்ரி மென்பொருள் அவற்றிலிருந்து ஒரு முப்பரிமாண உருவம் கட்டித்தரும். ஆனால் பளபளக்கும் கறுப்பு அந்த மென்பொருளுக்குப் பிடிக்காது. பிரதிபலிப்பை உடலின் பகுதி என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளும். ஒட்டுமொத்த விகிதத்துக்கு நம்பலாம், வளைவுக்கு நம்பக் கூடாது.

பெரும்பாலானவர்களுக்குக் கையில் இருப்பது படங்கள் மட்டுமே. படத்தில் அளவெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது. கிட்டே நின்று எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் வால் சிறிதாகவும் இருக்கும். அதிலிருந்து அளந்தால் கார் முழுதும் கோணலாகும். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்த பக்கவாட்டுப் படங்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். படத்துக்குள் அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண் தெளிவாகத் தெரிந்தால் அதிலிருந்து டயரின் விட்டம் கிடைக்கும், விட்டத்திலிருந்து மற்றவை. இந்தக் காரில் இரண்டு அச்சுக்கும் இடையே சுமார் 3.58 மீட்டர். 1:5இல் அது 71.6 சென்டிமீட்டர். அந்த இரண்டு புள்ளிகளையும் பலகையில் முதலில் குறித்துவிடுங்கள். அப்புறம் எல்லாம் அங்கிருந்துதான்.

ஒரு எச்சரிக்கை. விளம்பரப் படம், படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த படம், 1992இல் வந்த இரண்டாம் பாகத்தின் படம் எல்லாம் இணையத்தில் ஒரே பெயரில் கலந்து கிடக்கும். இரண்டாம் பாகத்தில் கார் தன் இரு பக்கங்களையும் உதறிவிட்டு ஒல்லியாகச் சந்தில் நுழையும் காட்சி இருக்கிறது. அதற்குத் தனியாகச் செய்த வண்டியின் படமும் அந்தக் குவியலில் இருக்கும். எந்தப் படம் எந்த வண்டி என்று பிரித்து வைக்காமல் அளக்கத் தொடங்கினால், உலகத்திலேயே இல்லாத ஒரு காரைச் செய்து முடிப்பீர்கள்.

இரண்டு படங்களில் அளவு ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கையால் செய்த உடலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒரே மோல்டில் வார்த்த இரண்டு உடல்கள்கூடச் சட்டத்தில் பொருத்தும்போது கொஞ்சம் வேறுவேறாக உட்காரும்.

என் கட்சி இது: தியேட்டரில் பார்த்தவன் நினைவில் இருக்கும் காரைச் செய்யுங்கள். படத்தில் அது முன்பக்கத்திலிருந்து, தாழ்வான கோணத்தில், இரவில், ஈரத் தரையில் வருகிறது. அந்தக் கோணத்தில் உங்கள் மாடலைக் குனிந்து பாருங்கள். அங்கே அது அந்தக் கார் போல இருக்கிறதென்றால், பக்கவாட்டுப் படத்தோடு 3 மி.மீ. ஒத்துப்போகாததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திருகாணி வரை ஒப்பிடும் நகல்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களிடம் இருக்கும் பொறுமை மேல் எனக்கு மரியாதை உண்டு, அவ்வளவுதான்.

உள்ளே என்ன வைப்பது?

தடித்த, வளையாத பலகை. அதன்மேல் மைய நீளத்தில் ஒரு பிளைவுட் தகடு, குறுக்கே நாலைந்து விலா எலும்புகள். இடைவெளியில் ஃபோம். ஃபோமை இறுதி வடிவத்தைவிட 25 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். கிளேயின் கனம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் விரல்கடை, ஓரிடத்தில் கைப்பிடி அளவு என்றால் சூடு ஆறும்போது வெடிப்பு விடும்.

தெர்மாகோலா, பாலியூரிதேன் ஃபோமா? தெர்மாகோல் மலிவு, சூட்டுக் கம்பியால் வெண்ணெய்போல் வெட்டலாம். ஆனால் பின்னால் ஃபைபர்கிளாஸ் வேலைக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் எங்காவது கசிந்து அதைத் தொட்டால் கரைந்தே போய்விடும். பாலியூரிதேன் கரையாது. மோல்டு எடுக்கப்போகிறீர்கள் என்றால் கூடுதல் செலவு வீண் இல்லை.

சக்கரங்களை முதலிலேயே நிஜமாக நிறுத்திவிடுங்கள், தற்காலிக மரவட்டாக இருந்தாலும் பரவாயில்லை. சக்கரம் இல்லாத மாடலில் விகிதம் கண்ணுக்குத் தெரியாது.

கிளேயை எப்படி ஏற்றுவது?

அடுப்பில் 55 முதல் 60 டிகிரி. அதற்கு மேல் போனால் எண்ணெய் பிரிந்து கிளே வறண்டுவிடும். வெப்பமானி வைத்த சின்ன ஓவன் போதும், ஆனால் அதில் பிறகு சமைக்கக் கூடாது.

முதல் அடுக்கு மெல்லியதாக இருக்கட்டும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஃபோமுக்குள் அழுத்தித் தேயுங்கள், துளைகளுக்குள் இறங்க வேண்டும். அது பிடித்தால்தான் மேலே வருவதெல்லாம் நிற்கும். அடுத்த அடுக்கை முந்தையது முற்றிலும் ஆறும் முன் பூசுங்கள். கட்டியாக அப்பினால் இடையில் காற்று சிக்கும். மூன்று வாரம் கழித்துச் சீவும்போது நட்டநடுப் பரப்பில் ஒரு குழி திறக்கும்.

இறுதி அளவைவிட 3, 4 மி.மீ. கூடுதலாக ஏற்றிவிட்டுச் சீவிக் குறைப்பது எளிது. குறைவாக ஏற்றிவிட்டு ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பது நரகம்.

பரப்பு அலை அலையாக வருகிறது. என்ன செய்வது?

தொண்ணூறு சதவீதப் பேர் நேராக வழவழ தகட்டை எடுத்துத் தேய்ப்பதால் வரும் கோளாறு இது என்று தாராளமாகச் சொல்வேன். வழவழ தகடு மேட்டின் மேலும் ஏறும், பள்ளத்துக்குள்ளும் இறங்கும். அலையை அப்படியே பளபளப்பாக்கித் தரும்.

முதலில் எடுக்க வேண்டியது ரேக், அதாவது பல் வைத்த சுரண்டி. கடையில் கிடைக்காவிட்டால் ஹேக்சா பிளேடை உடைத்து மரக்கட்டையில் பொருத்திக்கொள்ளலாம். பரப்பின் நீளவாக்குக்கு 45 டிகிரி சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரே அழுத்தத்தில் நீளமாக இழுங்கள். முழுப் பரப்பும் ஒரு திசையில் கோடு விழுந்தபின், எதிர்ப்பக்கம் 45 டிகிரி சாய்த்து மறுபடி. கோடுகள் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாக விழும். இப்போது கிட்டே போய்ப் பாருங்கள். மேடான இடத்தில் பற்கள் ஆழமாக இறங்கி, கோடு புதிதாக, தூள் தூளாக இருக்கும். பள்ளமான இடத்தில் பல் தொடவே தொடாது. பழைய பரப்பு ஒரு சின்னத் தீவாக மினுங்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தீவு காணாமல் போகும் வரை சுற்றிலும் சீவுங்கள். தீவு ரொம்ப ஆழம் என்றால் அங்கே மட்டும் கொஞ்சம் சூடான கிளே வைத்து ஏற்றிவிட்டு மறுபடி ரேக்.

ரேக்கின் நீளம் முக்கியம். குட்டி ரேக் குட்டி அலையைப் பிடிக்கும், நீண்ட அலையை விட்டுவிடும். இந்தக் காரின் நீளமான முன்மூடிக்கு 1:5இலேயே ஓரடி நீளச் சுரண்டி தேவைப்படும். நிஜ ஸ்டூடியோவில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் சுரண்டிகள்கூட உண்டு.

பல் கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக வந்தபிறகுதான் வழவழ எஃகுத் தகடு. வளையக்கூடிய மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல். விளிம்பை நுண்மணல் தாளில் தேய்த்துப் பிசிறு நீக்கி வையுங்கள். ஒரு பிசிறு இருந்தால் போதும், இழுத்த நீளத்துக்கும் ஒரு கீறல். தகட்டை வளைத்துப் பிடிக்கும் விதத்தைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதை எழுதிச் சொல்லித்தர முடியாது.

கோடுகளை எப்படி நேராகப் பிடிப்பது?

3 மி.மீ. கறுப்பு டேப்பால். பென்சிலால் வரையாதீர்கள். டேப்பின் ஒரு முனையை ஒட்டி, மறுமுனையைக் கையில் இழுத்துப் பிடித்து, பெருவிரலால் மெல்ல மெல்லப் படியவிடுங்கள். இழுவையில் இருக்கும் டேப் நெளியாது, அதனால் வளைவு தானாக ஒழுங்காக வரும். அப்புறம் கண்ணைப் பரப்பின் மட்டத்துக்கே இறக்கி, டேப்பை நீளவாக்கில் பாருங்கள். நேராக நின்று பார்க்கும்போது தெரியாத முறிவு அங்கே தெரியும். பிடிக்கவில்லையா, பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றாக வர என்ன வழி?

முதலில் ஒரு பக்கத்தை மட்டும் முடியுங்கள். வடிவத்தைத் தேடும் கட்டத்தில் மைய நீளத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்தால், பாதிக் காரே முழுக் காராகத் தெரியும். வடிவமைப்பாளர்கள் காலங்காலமாகச் செய்யும் வித்தை இது. அரை கிளேயில் முழுத் தீர்ப்பு கிடைக்கும்.

அந்தப் பக்கம் திருப்தியானதும், 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குவெட்டு அட்டைகள் வெட்டுங்கள். அட்டையை உடலில் ஒட்டவைத்துக் கோடிழுத்து, வெட்டி, உரசும் இடத்தைச் சீவி, ஒளி புகாமல் பொருந்தும் வரை சரிசெய்யுங்கள். அதையே திருப்பி மறுபக்கத்தில் வைத்து அதற்குத் தக்கபடி கிளேயைச் சீவுங்கள். அட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தை ரேக் பார்த்துக்கொள்ளும். உயரங்களைச் சரிபார்க்க ஒரு உயரமானி போதும், ஆனால் பலகை தட்டையாக இருந்தால்தான் அது சொல்வதற்கு அர்த்தம் உண்டு.

இந்தக் காரில் எது கடினமான பகுதி?

எல்லோரும் பின்பக்க இறக்கைகளைச் சொல்வார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் அவை அவ்வளவு கஷ்டமில்லை. உள்ளே மெல்லிய பிளைவுட் அல்லது அலுமினியத் தகடு வைத்து, இரண்டு பக்கமும் கிளே பூசினால் வந்துவிடும். வௌவால் சிறகின் வளைந்த விளிம்பை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் இடமும் வலமும் ஒன்றாகும்.

என்னைக் கேட்டால் முன்சக்கர மூடியின் முதுகும், அது நடுமூக்கைச் சேரும் பள்ளமும்தான் ஆளைச் சோதிக்கும். பள்ளத்தின் ஆரம் முன்னால் இருந்து பின்னால் போகப்போக மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே உருண்டைச் சுரண்டியால் முழு நீளமும் இழுத்தால் அந்த மாற்றம் செத்துவிடும். குழாய் வைத்து அழுத்தியதுபோல் தெரியும். வெவ்வேறு விட்டத்தில் நாலைந்து உருண்டைச் சுரண்டிகள் செய்து, ஒன்று விட்ட இடத்தில் அடுத்ததைத் தொடங்கி, இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள். கண் ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மூக்கின் நடுவே காற்றை உள்ளிழுக்கும் வாயான ஜெட் இன்டேக், பின்னால் புகைபோக்கி, சக்கரத்தின் நடுவில் வௌவால் சின்னம் போன்ற வட்டமான, கறாரான பாகங்களை கிளேயில் செதுக்குவதில் அர்த்தமில்லை. லேத்தில் கடையுங்கள் அல்லது பிரிண்ட் எடுங்கள்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கிளே மங்கலான பழுப்பு. அதில் எல்லாம் அழகாகத் தெரியும். இந்தக் கார் கறுப்பு, அதுவும் பளபளக் கறுப்பு. கறுப்பு எதையும் மன்னிக்காது. அதனால் கிளே நிலையிலேயே பளபளப்பை வரவழைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோக்களில் டைநாக் என்ற மெல்லிய படலத்தை நீர் தெளித்து இழுத்துப் போர்த்துவார்கள். பெயின்ட் அடித்த கார் போலவே இருக்கும். வீட்டில் சமையலறை அலுமினியத் தாளே ஓரளவு வேலை செய்யும். சுருக்கமில்லாமல் தடவி ஒட்டுங்கள்.

மேலே இரண்டு ட்யூப்லைட்டை நீளவாக்கில் தொங்கவிட்டு, மாடலைச் சுற்றி மெதுவாக நடங்கள். விளக்கின் பிரதிபலிப்பு பரப்பின் மேல் ஓடும். அது ஒரே ஓட்டமாக ஓடினால் சரி. எங்காவது திக்கினால், நெளிந்தால், திடீரென்று தடித்தால், அங்கே பரப்பில் கோளாறு. பிரதிபலிப்பைப் பார்த்துக்கொண்டே டேப்பால் அந்த இடத்தைக் குறித்து, படலத்தை உரித்து, மறுபடி ரேக்.

இந்த வேலையைச் செய்யச் சோம்பல்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மோல்டு எதையும் திருத்தாது. கிளேயில் விட்ட நெளிவு மோல்டில் இருக்கும், மோல்டில் இருப்பது ஃபைபரில் இருக்கும், ஃபைபரில் அதைச் சரிசெய்ய பட்டி, மணல்தாள், தூசி, மறுபடி பட்டி. கிளேயில் பத்து நிமிட வேலை அங்கே ஒரு நாள் தின்னும்.

மோல்டு எப்படி எடுப்பது?

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத் தனியாக ஆளிடம் நேரில் கற்பதே நல்லது. கிளேயின் மேல் ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ் அடித்து மூடவேண்டும். பிறகு மெழுகு, அதன்மேல் மோல்டு ஒட்டாமல் பிரிய உதவும் பிவிஏ திரவம். எங்கெங்கே மோல்டு பிரியவேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அங்கே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் வேலி கட்டுங்கள். இந்தக் காரை ஒரே துண்டாக எடுக்க முடியாது. சக்கர வளைவின் உட்பக்கமும் இறக்கைகளின் உட்பக்கமும் மாட்டிக்கொள்ளும்.

மோல்டின் வழவழ முகப்பாக அமையும் ஜெல்கோட் ரெசின் இரண்டு பூச்சு, அது பிசுபிசுப்பான நிலைக்கு வந்ததும் மெல்லிய கண்ணாடி இழை, பிறகு தடித்த இழைப் பாய்கள். மோல்டைக் கழற்றும் முன்பே அதன் முதுகில் மரச்சட்டமோ இரும்புச்சட்டமோ ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கழற்றியவுடன் முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்தச் சட்டத்தாலும் திரும்பாது. கழற்றும்போது கிளே மாடல் பெரும்பாலும் சிதைந்துவிடும். எனவே அதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

ஆபத்து ஏதாவது உண்டா?

கிளே கட்டத்தில் கை வலியைத் தவிர ஒன்றும் இல்லை. ரெசின் கட்டத்தில் உண்டு. கடைக்காரர்கள் ஹார்டனர் என்று தரும் எம்இகேபி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ரெசினில் அது 1 முதல் 2 சதவீதம்தான். ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் எம்இகேபியும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றது. துணி முகமூடி ரெசின் ஆவியைத் தடுக்காது, கரித்தூள் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். ஃபைபரைத் தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை.

செய்து விற்கலாமா?

அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1966, 1989 பேட்மொபைல்களின் நகலைச் செய்து விற்றுவந்த ஒரு கராஜ் உரிமையாளர்மேல், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸ் வழக்குப் போட்டது. 2015இல் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், பேட்மொபைல் வெறும் வண்டி இல்லை, பதிப்புரிமை உள்ள ஒரு கதாபாத்திரம் என்று தீர்ப்பளித்தது. தனிச்சொத்தைக் காப்பது அவசியம் என்று பேட்மேன் ராபினுக்குச் சொல்லும் வசனத்தைத் தீர்ப்பிலேயே மேற்கோள் காட்டினார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

எல்லா சினிமா காருக்கும் இது பொருந்தாது. எலனோர் என்ற பெயரில் படங்களில் வரும் மஸ்டாங் காருக்கு அப்படிப்பட்ட கதாபாத்திர உரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் 2025இல் சொன்னது. ஆனால் பேட்மொபைல் விஷயத்தில் கதவு மூடியாகிவிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்று செய்பவரைத் தேடி யாரும் வழக்கமாக வருவதில்லை. மோல்டை வைத்து வியாபாரம் தொடங்குவது வேறு கதை. அதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

முழு அளவில் செய்தால் ரோட்டில் ஓட்டலாமா?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் இப்படித் தனியாகச் செய்த வண்டிக்கு ஐவிஏ என்ற தனிவாகனச் சோதனை உண்டு. கூரான இறக்கைகளோடு அதில் தேறுவது சுலபமில்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய கார் ஒன்றின் சேஸியில் இந்த உடலை ஏற்றி ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனால் என்ன பதில் வரும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கண்காட்சி, தனியார் இடம், லாரியில் ஏற்றிச் செல்வது, இவ்வளவுதான்.

வேலை முடிந்தபின் அந்த 40 கிலோ கிளேயை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். ஃபோம் துணுக்கு, ஷெல்லாக் படலம், டேப் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டுச் சூடாக்கிப் பிசைந்தால் மறுபடி பயன்படும். ஷெல்லாக் பட்ட மேல்தோலை மட்டும் ஒரு மில்லிமீட்டர் சீவித் தள்ளிவிடுங்கள், அது கலந்தால் சுரண்டியில் மாட்டும். பழைய கிளே கொஞ்சம் வறண்டிருக்கும். புதியது நாலில் ஒரு பங்கு சேர்த்துப் பிசையுங்கள். தூசி படாமல் மூடிய வாளியில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும்.